காற்றின் பெயரால் வந்த நீர்

1853ஆம் ஆண்டு, கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதி வெளியிட்டார். ஹூக்ளி ஆறு தூர்ந்துவருகிறது, ஒரு நாள் கல்கத்தாத் துறைமுகம் பயனற்றுப்போகும் என்ற அச்சத்தில், சுந்தரவனத்தின் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்ட அரசு எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. கட்டாதீர்கள் என்பதே கடிதத்தின் சாரம். என்றாவது ஒரு புயல் வரும். அதனோடு கடல் மேடாக எழுந்து ஆற்றுக்குள் ஏறும். துறைமுகமும் ஊரும் அதன் அடியில் போகும் என்று அவர் எச்சரித்தார். அரசு கேட்கவில்லை. அடுத்த கவர்னர் ஜெனரலின் பெயரால் போர்ட் கேனிங் எழுந்தது. படித்துறைகள் வந்தன, கல்கத்தாவிலிருந்து ரயில் பாதையும் வந்தது. 1867 நவம்பர் தொடக்கத்தில் புயலும் வந்தது. வங்கக் கடலின் கணக்கில் அது பெரும்புயலில் சேராது. உள்ளே ஏறிய நீரின் உயரமும் ஆறடி அளவுதான். துறைமுகத்தின் கதையை முடிக்க அதுவே போதுமானதாக இருந்தது. ஐந்தாண்டுகளில் அது கைவிடப்பட்டது. பிடிங்டன் இதைக் காண உயிரோடு இல்லை, 1858இலேயே இறந்துவிட்டார்.

இந்தியக் கடற்கரையில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் புயல் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொன்ன தொடக்ககால ஆவணங்களில் இக்கடிதம் முக்கியமானது. என்று வரும் என்று அது சொல்லவில்லை. வந்தால் இந்த ஆற்றுவாயில் என்ன நடக்கும் என்று மட்டும் சொன்னது. இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள். முதல் கேள்விக்கு அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் வியக்கத்தக்க விடைகள் கிடைத்தன. இரண்டாவது கேள்வி நெடுங்காலம் பின்வரிசையிலேயே நின்றது. அதற்குக் கருவிகளின் போதாமை ஒரு காரணம். புயலைக் குறிக்கும் சொற்களும் அளவைகளும் யாருடைய கண்ணிலிருந்து பிறந்தன என்பது மற்றொரு காரணம்.

அந்தச் சொல்லைத் தந்தவரும் பிடிங்டனே என்பது இவ்வரலாற்றின் விந்தை. அவர் பழைய கப்பல் கேப்டன். கல்கத்தாவில் கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைவராக இருந்தார். புயலில் சிக்கித் தப்பிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, எந்த நேரத்தில் எந்தக் கப்பலுக்கு எந்தத் திசையிலிருந்து காற்று வீசியது என்று ஒப்பிட்டு, வங்க ஆசியவியல் கழகத்தின் இதழில் 1839 முதல் தொடர்ச்சியாகக் கட்டுரைகள் எழுதினார். மாலுமிகளுக்காக 1848இல் அவர் வெளியிட்ட கையேட்டில்தான் 'சைக்ளோன்' என்ற சொல் அச்சில் நிலைபெற்றது. வட்டம், பாம்பின் சுருள் என்ற பொருள்களைத் தழுவும் கிரேக்க வேரிலிருந்து அவர் அதை ஆக்கினார். ஒளி ஊடுருவும் மெல்லிய கொம்புத் தகட்டில் காற்றின் சுழற்சியை வரைந்து புத்தகத்தோடு இணைத்திருந்தார். மாலுமி அத்தகட்டைக் கடல் வரைபடத்தின்மேல் வைத்து நகர்த்தினால், தன் கப்பல் சுழலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் விலகி ஓடவேண்டும் என்று கண்டுகொள்ளலாம்.

கப்பலுக்கு இது உயிர் காக்கும் அறிவு. நடுக்கடலில் இருப்பவனுக்குப் புயல் என்பது முதன்மையாகக் காற்று. அதன் வடிவம் தெரிந்தால் தப்ப வழியுண்டு. கரையில் குடிசை கட்டி வாழ்பவனுக்கோ புயல் என்பது நீர். வங்கக் கடற்கரையில் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்திய புயல்கள் அனைத்திலும் மக்கள் இறந்தது பெரும்பாலும் மூழ்கித்தான். கரையோர மொழிகள் இதை அறிந்திருந்தன. தெலுங்கில் சுழல்காற்றுக்குத் 'துஃபான்' என்றும், அதனோடு ஏறிவரும் கடலுக்கு 'உப்பென' என்றும் தனித்தனிச் சொற்கள் உண்டு. வங்காளியில் காற்று 'கூர்ணிஜட்', நீர் 'ஜலோச்சுவாஸ்'. தமிழின் நிலை சற்று வேறு. 'புயல்' பழைய இலக்கியத்தில் மேகத்தையும் மழையையும் குறித்த சொல். திருக்குறளிலும் அதற்கு மழை என்ற பொருளே. இன்றைய பொருளுக்கு அது வந்துசேர்ந்தது மிகப் பின்னர். கடல் நிலத்தை விழுங்குவதற்கு இருந்த 'கடல்கோள்' என்ற சொல் இலக்கிய வரலாற்றுப் புத்தகங்களுக்குள் ஒதுங்கிவிட, செய்திகளில் 'புயல் அலை', 'கடல் சீற்றம்' என்று நிலையற்ற தொடர்களே புழங்குகின்றன. நிர்வாகம் ஏற்றுக்கொண்ட ஆங்கிலச் சொல் காற்றின் சுழற்சியை மட்டும் பெயரிட்டது. அளவை வகுத்தபோதும் காற்றையே அளந்தது. எச்சரிக்கை எழுதியபோதும் காற்றையே முதலில் எழுதியது.

1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தனர். ஹூக்ளியில் நின்ற கப்பல்களில் பெரும்பாலானவை நங்கூரத்தை அறுத்துக்கொண்டு கரையில் ஏறின, அல்லது ஒன்றோடொன்று மோதின. அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தில் கடல் புகுந்து சுமார் 30,000 பேர் மாண்டனர். கல்கத்தாப் புயலை ஆராய்ந்து கேஸ்ட்ரெல், பிளான்ஃபோர்டு இருவரும் 1866இல் அளித்த அறிக்கை, ஆற்றின் வழியே நீர் எவ்வாறு ஏறியது என்று ஊர் ஊராக விவரிக்கிறது. ஆனால் அரசு எடுத்த நடவடிக்கை, 1865இல் கல்கத்தாத் துறைமுகத்துக்கு ஓர் எச்சரிக்கை ஏற்பாடு. கடற்கரை நிலையங்களிலிருந்து காற்றழுத்தமும் காற்றின் திசையும் தந்தியில் வரும், துறைமுகத்தில் அடையாளம் ஏற்றப்படும், கப்பல்கள் விழித்துக்கொள்ளும். 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டு, அதே பிளான்ஃபோர்டு அதன் தலைமைக்கு வந்தார்.

துறைக்கு ஒரு வயது ஆனபோது, 1876 அக்டோபர் 31 நள்ளிரவில், மேக்னா கழிமுகத்தின் பாக்கர்கஞ்ச் பகுதியில் கடல் ஏறியது. ஒரு லட்சம் பேர் மூழ்கினர். அடுத்து வந்த காலராவிலும் பட்டினியிலும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் இறந்தனர். கிராமங்களுக்குச் செய்தி சொல்லும் ஏற்பாடு எதுவும் அப்போது இல்லை. ஜான் எலியட் அந்தப் புயலை நுணுக்கமாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார். பின்னர் 1890இல் வங்கக் கடற்புயல்கள் பற்றிய கையேட்டையும் வெளியிட்டார். அக்கையேட்டின் தலைப்பே அது மாலுமிகளின் பயன்பாட்டுக்கு என்று அறிவித்தது. இதை எலியட்டின் கல்மனமாகக் கொள்வது நியாயமாகாது. தந்திக்கம்பி துறைமுகம்வரை போனது; அதற்கப்பால் போகவில்லை. அறிவும் அக்கம்பியோடு நின்றுகொண்டது.

துறைமுக அடையாளங்கள் 1898 முதல் நாடெங்கும் ஒரே சீராக்கப்பட்டன. தமிழ்ச் செய்தித்தாள் வாசிப்போர் அனைவரும் அறிந்த 'புயல் எச்சரிக்கைக் கூண்டு' இதுவே. பகலில் கூம்பும் உருளையுமான சட்டங்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எண்கள் 1 முதல் 11 வரை. இந்த எண்கள் இயங்கும் விதம் மொழி பயில்வோர் நின்று பார்க்கத்தக்கது. 8ஐவிட 9 கொடியது, 9ஐவிட 10 கொடியது என்றே பொதுமக்கள் வாசிக்கிறார்கள். உண்மையில் 8, 9, 10 மூன்றும் ஒரே அளவுப் பேரபாயத்தைக் குறிப்பவை. புயல் துறைமுகத்தைத் தன் பாதையின் இடப்புறம் விட்டுக் கடக்கும் என்றால் 8. வலப்புறம் விட்டுக் கடக்கும் என்றால் 9. துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 10. ஒரு படி கீழே, 5, 6, 7 ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

இடமா வலமா என்பது சிறு வேறுபாடன்று. வங்கக் கடலில் புயலைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசுகிறது. மேற்கு நோக்கி வந்து கிழக்குக் கரையைக் கடக்கும் புயலின் வலப்பக்கத்தில், அதாவது வடக்கே, காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கித் தள்ளும், நீர் ஏறும். இடப்பக்கத்தில், தெற்கே, காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும்; நீர் சில வேளைகளில் கரையைவிட்டு உள்வாங்கவும் செய்யும். ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊர்கள் ஒரே புயலில் இருவேறு அனுபவங்களைப் பெறக் காரணம் இது. ஆக, உள்ளூர் விளைவைச் சொல்லும் இலக்கணம் அந்தக் கூண்டுக்குள் தொடக்கத்திலிருந்தே ஒளிந்திருந்தது. துறைமுக அதிகாரிக்கு அது விளங்கியது. கூண்டைப் பார்த்த ஊருக்கு எண்ணின் ஏறுவரிசை மட்டுமே விளங்கியது. 11ஆம் எண் தனிச் சுவையுடையது. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, வானிலை மோசமாகலாம் என உள்ளூர் அதிகாரியே கருதுகிறார் என்பது அதன் பொருள். செய்தி வராமையையே ஒரு செய்தியாக்கி எண் கொடுத்த ஏற்பாடு அது.

இருபதாம் நூற்றாண்டில் கப்பல்களுக்குக் கம்பியில்லாத் தந்தி வந்தது. 1960 முதல் வானிலைச் செயற்கைக்கோள்களும், 1970இல் விசாகப்பட்டினத்தில் புயல் கண்டறியும் ரேடாரும் வந்தன. புயல் எங்கிருக்கிறது என்ற கேள்விக்கு விடை தெளிவடைந்துகொண்டே போனது. ஆனால் 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ரயிலோடு சேர்த்து அழிந்தது. 1971 அக்டோபர் இறுதியில் ஒடிசாவின் பாராதீப் பகுதியில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் திவிசீமையில் ஐந்து மீட்டர் அளவுக்கு எழுந்த கடல் பல கிலோமீட்டர் உள்ளே போனது. அரசுக் கணக்கிலேயே இறந்தோர் 10,000 அளவில். தெலுங்கு மக்கள் இன்றும் அதைத் 'திவிசீமை உப்பென' என்றே சொல்கிறார்கள், திவிசீமைத் துஃபான் என்று சொல்வது அரிது. நினைவு எதன் பெயரால் நிற்கிறது என்பதை அத்தொடரே காட்டுகிறது.

கடற்பெருக்கைக் கணிப்பது காற்றைக் கணிப்பதைவிடக் கடினம். புயலின் மையத்தில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். மிகக் கொடிய புயலிலும் இக்கணக்கு ஒரு மீட்டர் அளவோடு நின்றுவிடும். மீதி முழுவதும் காற்று தள்ளிக் குவிக்கும் நீர். அது எவ்வளவு குவியும் என்பதைக் கடலடியின் ஆழம், கரையின் வளைவு, புயல் கரையை வெட்டும் கோணம், அது நகரும் வேகம், உச்சக் காற்று வீசும் வளையத்தின் அகலம் ஆகியவை தீர்மானிக்கின்றன. ஆழமான கடற்கரையில் தள்ளப்பட்ட நீர் அடியில் திரும்பி ஓட வழியுண்டு. வங்கக் கடலின் வடமுனையில் நெடுந்தொலைவுக்குக் கடல் ஆழமற்றது. கரையும் புனல்போல் குறுகுகிறது. நீருக்கு ஏறுவதைத் தவிர வேறு போக்கிடமில்லை. இதனால் ஒரே வேகமுள்ள காற்று சென்னையில் எழுப்பும் நீரும் சாகர் தீவில் எழுப்பும் நீரும் ஒன்றாக இரா. பி.கே. தாஸ் வங்கக் கடலின் பெருக்கைக் கணிப்பதற்கான எண்மாதிரியை 1972இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். எஸ்.கே. கோஷ் உருவாக்கிய கணிப்பு வரைபடங்களோ எளிய கருவிகள்: அழுத்தக் குறைவையும் மற்ற அளவுகளையும் கொண்டு கோடுகளைத் தொடர்ந்தால், கிழக்குக் கரையின் குறிப்பிட்ட இடத்தில் நீர் எவ்வளவு உயரும் என்று மேசையிலேயே மதிப்பிடலாம். கணினி அரிதாயிருந்த காலத்தில் இது பெரிய காரியம். தில்லி ஐஐடியில் எஸ்.கே. துபே, ஏ.டி. ராவ் முதலியோர் இப்பணியைப் பின்னர் விரிவாக்கினர்.

செய்தியைக் கிராமத்துக்குக் கொண்டுசேர்க்கும் முயற்சியும் 1980களில் உருப்பெற்றது. இன்சாட் செயற்கைக்கோள் வழியாக, வட தமிழகத்திலும் தென் ஆந்திரத்திலும் கடலோர அலுவலகங்களில் வைக்கப்பட்ட பெட்டிகளுக்கு எச்சரிக்கை நேரடியாகப் போனது. ஆபத்துள்ள பகுதியின் பெட்டிகள் மட்டும் ஓசையெழுப்பி, உள்ளூர் மொழியில் பேசும். 1865க்குப் பின் எச்சரிக்கை துறைமுகத்தைத் தாண்டி ஊர்மொழியில் பேசத் தொடங்கியதில் இது ஒரு திருப்பம். 1990 மே மாதத்தில் ஏறத்தாழ அதே கிருஷ்ணா கழிமுகத்தைக் கடுமையான புயல் தாக்கியபோது, பல லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தனர். உயிரிழப்பு ஆயிரத்தை ஒட்டி நின்றது.

பிறகு 1999 வந்தது. காற்றின் வேகத்தைக் கொண்டு புயல்களைத் தரம்பிரிக்கும் அளவையில், மணிக்கு 221 கிலோமீட்டருக்கு மேற்பட்டவற்றுக்குச் 'சூப்பர் சைக்ளோன்' என்ற புதிய வகை 1990களின் இறுதியில்தான் சேர்க்கப்பட்டிருந்தது. அக்டோபர் 17 அன்று ஒடிசாவின் தெற்கே கஞ்சாம் மாவட்டத்தை ஒரு தீவிரப் புயல் தாக்கியது. பன்னிரண்டு நாள் கழித்து, 29ஆம் தேதி, பாராதீப்புக்கு அருகே மணிக்கு 260 கிலோமீட்டர் வேகக் காற்றோடு மற்றொன்று கரைகடந்தது. மைய அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல். எச்சரிக்கைகள் முன்னரே வெளியாகியிருந்தன. ஆனால் 'சூப்பர்' என்ற முன்னொட்டு, ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எர்சமா வட்டாரத்தில் வாழ்ந்தவருக்கு எதைச் சொல்லியிருக்கும்? 'பாத்யா' என்ற ஒடியாச் சொல் எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன் 'மகா' சேர்ந்தால் கூரை போவதோடு நிற்குமா, சுவரும் போகுமா? கடல் எத்தனை கிலோமீட்டர் உள்ளே வரும்? தன் வீட்டுத் திண்ணை அந்த நீருக்கு மேலா, கீழா? ஐந்து முதல் ஆறு மீட்டர் உயரத்துக்கு நீர் ஏறியது. அரசுக் கணக்கில் இறந்த 10,000க்குச் சற்றுக் குறைவானவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜகத்சிங்பூரைச் சேர்ந்தவர்கள். பக்கத்து மாவட்டமான கேந்திரபாராவில் பிற்காலத்தில் நடந்த ஆய்வொன்று, கடலுக்கும் ஊருக்கும் இடையே அலையாத்திக் காடு அகலமாக இருந்த கிராமங்களில் சாவு குறைவு என்று கண்டது. காற்றின் அளவையில் அந்தக் காட்டுக்கு இடமே இல்லை.

அந்த ஆண்டே ஒடிசா தனிப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைத்தது. கரையெங்கும் புகலிடக் கட்டடங்கள் எழுந்தன. வானிலைத் துறையின் எச்சரிக்கை நான்கு கட்டங்களாக்கப்பட்டது; கரைகடந்தபின் உள்நாட்டில் என்ன நேரும் என்பதும் அதில் ஒரு கட்டம். 2013இல் பைலின் புயல் கோபால்பூரில் கரைகடந்தபோது பத்து லட்சம் மக்கள் அளவில் இடம்பெயர்க்கப்பட்டிருந்தனர். இறந்தோர் 50க்கும் குறைவு. எண்ணிக்கைகளின் இந்த வீழ்ச்சியை இந்தியப் பொதுநிர்வாகத்தின் பெருஞ்சாதனைகளில் ஒன்றாகச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இதற்கிடையே எச்சரிக்கையின் சொற்களும் மாறின. இன்றைய அறிக்கைகளில் காற்றின் வேகத்துக்குப் பக்கத்தில் எதிர்பார்க்கும் சேதமும் வருகிறது: கீற்றுக் கூரைகள் சேதமடையும், மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகள் அறும், வாழையும் பப்பாளியும் சாயும். வாழையை வானிலை அறிக்கையில் காண்பது சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். 1806இல் பிரான்சிஸ் பியூஃபோர்ட் வகுத்த காற்றளவையும் இப்படித்தான் தொடங்கியது. எவ்வளவு பாயைக் கப்பல் தாங்கும் என்பதே அவருடைய அளவுகோல். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது பின்னால் வந்த ஒட்டு. பாய்மரத்தின் இடத்தில் வாழைமரம் வந்ததில், அளவை கடலிலிருந்து கரைக்கு ஏறியிருக்கிறது.

சொல்லின் இடைவெளி முற்றும் மூடிவிடவில்லை. 2017 நவம்பரில் ஒக்கி, தாழ்வு மண்டலம் என்ற நிலையிலிருந்து புயலாக மாறிய வேகம் கரையில் இருந்தவர்களையே திகைக்க வைத்தது. குமரியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கியிருந்த மீனவர்களை எட்டும் வழியே இருக்கவில்லை. கடலுக்குப் போகாதீர்கள் என்ற வாக்கியம், ஏற்கெனவே கடலில் இருப்பவருக்கு எதுவும் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

நீரைப் பற்றிய முன்னறிவிப்பிலும் ஒரு முடிச்சு உண்டு. இத்தனை மீட்டர் உயரும் என்று அறிக்கை சொல்லும்போது, அது வானியல் ஓதத்துக்கு மேல் என்ற குறிப்போடு வரும். அதாவது நிலவும் சூரியனும் அன்று அந்நேரத்தில் கடலை எவ்வளவு உயர்த்தியிருக்கின்றனவோ அதன்மேல் இந்த அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டலின் பாதி அறிக்கையில் இருக்கிறது. மறுபாதி உள்ளூர் ஓதத்தை அறிந்தவரிடம் இருக்கிறது. ஏற்றமும் வற்றமும் சில மீட்டர் மாறுபடும் ஹூக்ளி முகத்தில், கரைகடப்பு ஆறு மணி நேரம் முந்துவதோ பிந்துவதோ ஓர் ஊரின் தலையெழுத்தை மாற்றிவிடும்.

2021 மே 26 அன்று யாஸ் புயல் ஒடிசாவின் தாம்ராவுக்கு வடக்கே, பாலேசுவர் அருகே கரைகடந்தது. முந்தைய ஆண்டின் ஆம்பனோடு ஒப்பிட்டால் வலிமை குறைந்தது. சுந்தரவனம் அதன் மையத்திலிருந்து வெகுதூரம் வடகிழக்கே, பாதையின் வலப்புறத்தில் இருந்தது. அன்று முழுநிலவு, சந்திர கிரகணமும் கூட. நிலவு பூமிக்கு மிக நெருங்கியிருந்த நேரம். ஓதம் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தது. சாகர் தீவிலும் கோசாபாவிலும் மண்கரைகள் பல இடங்களில் உடைந்து உப்புநீர் வயல்களுக்குள் நுழைந்தது. கிராமத்தார் கூடி, கையால் மண்ணை அள்ளிக் கரையின்மேல் போட்டுக்கொண்டிருந்தனர். மாத்லா ஆறு அங்கேதான் ஓடுகிறது. கரையில் கேனிங் என்ற ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது, துறைமுகம் இல்லை.